வந்த வழியில் போகாத பதில்

புதிதாக இந்தத் தொழிலுக்கு வந்திருக்கும் உங்களுக்கு நான் கமாண்டுகளைச் சொல்லித்தரப் போவதில்லை. அவற்றை நீங்கள் என்னைவிட வேகமாகத் தேடி எடுத்துவிடுவீர்கள். நான் ஓய்வு பெற்று வீட்டுக்கு வந்தபோது கையோடு கொண்டுவந்தது ஒரு சுவர்க் கடிகாரம், ஒரு முதுகுவலி, அப்புறம் நான் செய்த தப்புகள். கடிகாரம் நின்றுவிட்டது. முதுகுவலி என் சொந்த விஷயம். ஆகவே தப்புகளில் ஒன்றைச் சொல்கிறேன்.

இரண்டாயிரத்து ஐந்து, ஆறு வாக்கில் நான் வேலை பார்த்த இடம் சேலையூர் கேம்ப் ரோட்டில் ஒரு ஜவுளிக்கடைக்கு மேல் மாடி. மெடிக்கல் டிரான்ஸ்கிரிப்ஷன் கம்பெனி. அமெரிக்காவில் டாக்டர் நோயாளியைப் பார்த்து முடித்ததும் அவசர அவசரமாகப் பேசிப் பதிவு செய்வார். அந்தப் பதிவை எங்கள் ஆட்கள் ஹெட்போனில் கேட்டு, ரிப்போர்ட்டாக டைப் அடித்துக் கொடுக்க வேண்டும். மொத்தம் பதினெட்டுப் பேர். அதில் ஒருவர் எம்.டி. நான் சிஸ்டம்ஸ் மேனேஜர். எனக்குக் கீழே ஒருவரும் இல்லை, ஆனாலும் மேனேஜர்தான்.

அந்தக் காலத்தில் கேம்ப் ரோட்டை யாராவது ஒருவர் தோண்டிக்கொண்டே இருப்பார்கள். குடிநீர்க்காரர் மூடினால் மின்சாரக்காரர் தோண்டுவார். ஒவ்வொரு தோண்டலுக்கும் எங்கள் டெலிபோன் லைன் அறுந்து இன்டர்நெட் போகும். அதனால் எம்.டி. புதிதாகப் பிடித்த ஒரு ஆஸ்பத்திரிக்காரர்களிடம், "எங்களிடம் டூயல் லைன் இருக்கிறது" என்று சொல்லிவிட்டார். விசிட்டிங் கார்டிலும் அச்சடித்துவிட்டார். அதற்குப் பிறகுதான் இரண்டாவது லைன் வாங்குவது பற்றி என்னிடம் கேட்டார்.

வாங்கினோம். மொட்டை மாடியில் ஒரு கம்பம் நட்டு, பல்லாவரம் பக்கம் பார்த்து ஒரு சின்னத் தட்டை மாட்டினார்கள். மாட்ட வந்தவர் கம்பத்தின் மேலிருந்தே கத்தினார்: "சிக்னல் சூப்பரா கீது சார், கவலையே படாத!" நானும் கவலையே படவில்லை. அதுதான் முதல் தப்பு.

எங்கள் ரிப்போர்ட்டுகள் எல்லாம் ஒரு லினக்ஸ் மெஷினில் இருக்கும். ஆஸ்பத்திரிக்காரர்கள் தங்கள் ஊரிலிருந்து அந்த மெஷினுக்குள் வந்து எடுத்துக்கொள்வார்கள். அதில் ஏற்கெனவே ஒரு நெட்வொர்க் கார்டு இருந்தது, பழைய லைனுக்கு. இரண்டாவது கார்டு ஒன்றைச் செருகிப் புது லைனை அதில் சேர்த்தேன். பழைய வாடிக்கையாளர்கள் பழைய முகவரியில் வரட்டும், புது ஆஸ்பத்திரி மட்டும் புது முகவரியில் வரட்டும் என்று ஏற்பாடு. ஒரு வீட்டுக்கு இரண்டு வாசல், அவ்வளவுதான்.

வெளியே எதை அனுப்பினாலும் எந்த வாசல் வழியாக அனுப்புவது என்று மெஷினுக்கு ஒரு பொதுக் கட்டளை கொடுத்திருப்போம். அது பழைய வாசலைக் காட்டியது. புது வாசலையும் அதில் சேர்த்தபோது ஆபீஸ் முழுக்க அரை மணி நேரம் இன்டர்நெட் நின்றுபோனது. எம்.டி. எட்டிப்பார்த்தார். உடனே சேர்த்ததை எடுத்துவிட்டு, "டெஸ்டிங் சார்" என்றேன். எல்லாம் பழையபடி ஓடியது. ஓடுகிற வண்டியை எதற்குக் கழற்ற வேண்டும் என்று அப்படியே விட்டுவிட்டேன்.

புது ஆஸ்பத்திரியின் வேலையை ஜெயசீலி மேடத்திடம் கொடுத்தார்கள். கிழக்குத் தாம்பரத்தில் இருபது வருஷம் ஸ்கூல் டீச்சராக இருந்துவிட்டு இந்த வேலைக்கு வந்தவர். ஞாயிறு சர்ச், மற்ற ஆறு நாள் ஹெட்போன். எங்களில் அவர் காதுதான் நல்ல காது. அந்த ஆஸ்பத்திரியில் ஒரு இதய டாக்டர் வாயைத் திறக்காமலே பேசுவார், அவர் சொல்வது இவர் ஒருவருக்குத்தான் புரியும்.

ஏற்பாடு எளிது. மேடம் சாயங்காலம் ஐந்து மணிக்குள் ரிப்போர்ட்டுகளை மெஷினில் போட்டுவிட்டு வீட்டுக்குப் போவார். ஏழு மணி சுமாருக்கு அங்கே பொழுது விடியும், அவர்கள் வந்து எடுத்துக்கொள்வார்கள். டாக்டர் அடுத்த நோயாளியைப் பார்ப்பதற்குள் ரிப்போர்ட் கையில் இருக்க வேண்டும்.

முதல் நாள் வேலை முடிந்து மறுநாள் காலையிலேயே ஒரு மெயில் காத்திருந்தது. ரிப்போர்ட் கிடைக்கவில்லை. ஏன், எப்படி, என்ன எரர் என்று ஒரு வரி கிடையாது. கிடைக்கவில்லை, அவ்வளவுதான். எம்.டி. வாசலிலேயே நின்றுகொண்டு, "மேடம், உடனே மறுபடியும் போடுங்க, நான் மெயில்லயும் அனுப்பிடறேன்" என்றார். மேடம் மறுபடியும் போட்டார். இரண்டாம் நாளும் அதே மெயில். மூன்றாம் நாள் வந்த மெயிலில், இந்த வாரத்துக்குள் சரியாகவில்லை என்றால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்கிறோம் என்று இருந்தது.

எம்.டி. என்னைக் கூப்பிடுவதற்குள் நான் தயாராகிவிட்டேன். முதலில் மெஷின் முன்னால் உட்கார்ந்து புது முகவரியை அடித்துப் பார்த்தேன். டக்கென்று திறந்தது. பிறகு லைன்காரருக்குப் போன் போட்டேன். அவர் தன் பக்கத்திலிருந்து என் மெஷினைத் தட்டிப் பார்த்துவிட்டு, "பதில் வருது சார். எங்க சைடு க்ளியர்" என்றார். கடைசியாக, புது கார்டுக்கு வந்துபோவதை முந்தின நாள் சாயங்காலமே பதிவு செய்ய விட்டிருந்தேன், அதை எடுத்துப் பார்த்தேன். ஏழு மணி பத்து நிமிஷத்துக்கு ஆஸ்பத்திரிக்காரர்கள் வந்து தட்டியது தெளிவாக விழுந்திருந்தது. அந்த வரிகளைப் பிரின்ட் எடுத்துக்கொண்டு எம்.டி. அறைக்குப் போனேன். ஜெயசீலி மேடம் ஏற்கெனவே அங்கே நின்றுகொண்டிருந்தார்.

"அவங்க ஏழு பத்துக்கு வந்திருக்காங்க சார். நம்ம மெஷின் ஆன்ல இருந்திருக்கு. லைன் பக்கா."

"அப்போ அந்த நேரத்துல ரிப்போர்ட் அங்க இல்லைன்னுதானே அர்த்தம்?"

"அது எனக்குத் தெரியாது சார். எங்க சைடு க்ளியர்."

நம் தொழிலில் இதைவிடப் பாதுகாப்பான வாக்கியம் கிடையாது. சொன்னவனுக்கு நிம்மதி, கேட்டவனுக்கு வேலை. நீங்களும் சேர்ந்த ஒரு மாதத்துக்குள் கற்றுக்கொண்டிருப்பீர்கள்.

"ஃபைல் எத்தனை மணிக்குப் போட்டிருக்காங்கன்னு பாக்க முடியுமா?" என்றார் எம்.டி.

பார்த்தேன். அன்று காலை ஒன்பதேகால் என்று இருந்தது. சொன்னேன்.

"நேத்து அஞ்சு மணிக்கே போட்டுட்டேன் சார்" என்றார் மேடம். "காலைல நீங்கதானே மறுபடியும் போடச் சொன்னீங்க?"

"மேடம், ஒவ்வொரு நாளும் ஒரு காரணம் சொல்லாதீங்க."

ஒரு ஃபைலின் மேல் அதே பெயரில் இன்னொரு ஃபைலைப் போட்டால் பழைய நேரம் அழிந்து புது நேரம் ஏறும். அந்த அறையில் அது தெரிந்த ஆள் நான் ஒருவன்தான். மேடம் சொல்வது முழுக்க உண்மையாக இருக்கலாம் என்று அந்த நிமிஷமே எனக்குத் தெரியும். வாயைத் திறந்திருந்தால் ஃபைல் ஐந்து மணிக்கே இருந்தது என்று ஆகும். ஃபைல் இருந்தது என்றால் அடுத்த கேள்வி என் மெஷினைப் பற்றி வரும். பிரின்ட் எடுத்த காகிதத்தை நாலாக மடித்து எம்.டி. மேஜையில் வைத்துவிட்டு நின்றேன்.

மேடத்துக்கு மெமோ கொடுத்தார்கள். சனிக்கிழமைக்குள் அவராகவே ஒரு ராஜினாமாக் கடிதம் கொடுத்துவிட்டால் நல்லது என்று எம்.டி. பக்குவமாகச் சொன்னார். "நானா அனுப்பினா அடுத்த கம்பெனில கேப்பாங்க மேடம். உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன்." பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பார்கள். அன்றைக்கு இரண்டுக்கும் நடுவே பத்தடி தூரம்தான் இருந்தது.

மறுநாள் மத்தியானம் மேடம் என் மேஜைக்கு வந்தார். நான் எம்.டி.யிடம் கொடுத்த பிரின்ட் அவர் கையில் இருந்தது. மெமோவோடு சேர்த்து ஆதாரமாகக் கொடுத்திருக்கிறார்கள்.

"இருபது வருஷம் ஸ்கூல்ல இருந்தேன் சார். லேட்டா வந்த நோட்டை வாங்க மாட்டேன்னு பிள்ளைங்க என்னைத் திட்டும். இப்போ நான் லேட்டுன்னு எழுதிக் குடுத்துட்டுப் போகணுமா?"

"மேடம், நான் லைனைப் பத்தி மட்டும்தான்..."

"அதான் கேக்க வந்தேன்." காகிதத்தில் பென்சிலால் மூன்று வரிகளுக்குக் கோடு போட்டிருந்தார். "இந்த மூணு வரியும் ஒரே மாதிரி இருக்கு. மூணு செகண்ட் கழிச்சு ஒண்ணு, அப்புறம் ஆறு செகண்ட் கழிச்சு ஒண்ணு. இது அவங்க தட்றதுதானே?"

"ஆமா."

"கதவு திறந்திருந்தா எதுக்கு சார் ஒரே ஆள் மூணு தடவை தட்டணும்?"

அந்த வரிகளை நானும்தான் பார்த்திருந்தேன். ஆர்வமாக வந்திருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன். பதில் கிடைத்தவன் மறுபடி தட்ட மாட்டான் என்பதற்கு லினக்ஸ் படித்திருக்க வேண்டியதில்லை.

"நேத்து சாப்பாட்டு நேரத்துல எதிர்ல இருக்கிற பிரௌசிங் சென்டர்ல போய் நம்ம முகவரியைப் போட்டுப் பாத்தேன் சார். வரவே இல்ல."

"அங்க எல்லா மெஷின்லயும் வைரஸ் மேடம்."

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்ற கதைதான். ஆனால் மேடம் விடவில்லை. "அப்போ நீங்களே வந்து பாருங்க" என்று சொல்லி நின்றார். டீச்சர்கள் அப்படி நின்றால் எழுந்துதான் ஆக வேண்டும்.

பிரௌசிங் சென்டரில் பிளைவுட் தடுப்பு வைத்த சின்ன அறைகள். கீபோர்டில் பாதி எழுத்துகள் தேய்ந்துபோயிருந்தன. சிஸ்டம்ஸ் மேனேஜர் ஒருவர் அரை மணி நேரக் கணக்கில் மெஷின் எடுத்து உட்கார்வது எனக்கு மரியாதைக் குறைவாகப் பட்டது என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். முகவரியை அடித்தேன். சுற்றிக்கொண்டே இருந்தது. கடைக்காரரைக் கூப்பிட்டு, "அண்ணா, உங்க நெட் சரியில்லையா?" என்றேன்.

அவர் வந்து என் தோளுக்கு மேலே கையை நீட்டி நாலைந்து தளங்களைத் திறந்து காட்டினார். எல்லாம் வந்தன. "என் நெட்டு நல்லாத்தான் கீது சார். உன் சைட்டுதான் படுத்துக்கினு கீது" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அங்கே உட்கார்ந்திருந்தபோதுதான் எனக்குப் புரிந்தது. ஆஸ்பத்திரிக்காரர்கள் புது வாசலில் வந்து தட்டுகிறார்கள். மெஷின் கேட்டு, பதிலும் கொடுக்கிறது. ஆனால் வெளியே போவது எல்லாம் பழைய வாசல் வழியாக என்பது நான் கொடுத்த கட்டளை. பதில் அந்த வழியாகப் போகிறது. பழைய லைன்காரர் பார்க்கிறார்: அனுப்புநர் முகவரி தன்னுடையது இல்லை, யாரோ ஒருவருடையது. தூக்கிப் போட்டுவிடுகிறார். அவர் செய்தது சரிதான். ஆஸ்பத்திரிக்காரர்கள் புது வாசலில் பதிலுக்காகக் காத்திருந்து, மறுபடி தட்டி, கடைசியில் கிடைக்கவில்லை என்று மெயில் எழுதுகிறார்கள்.

நான் சோதித்தது எப்படி? மெஷின் முன்னாலேயே உட்கார்ந்து. வீட்டுக்குள் இருந்துகொண்டே கதவைத் தட்டி, நானே கேட்டு, நானே திருப்திப்பட்டிருக்கிறேன். அந்தச் சோதனை எந்த வாசலையும் தாண்டவில்லை. லைன்காரர் சோதித்தது வாசற்படியில் நின்று. பக்கத்தில் இருப்பவருக்குப் பதில் சொல்லப் பொதுக் கட்டளை தேவையில்லை, மெஷின் நேராகவே கொடுத்துவிடும். அதனால் அவருக்கும் பதில் போனது. உள்ளே இருந்தவனுக்கும் சரி, வாசலில் நின்றவனுக்கும் சரி. தூரத்திலிருந்து வந்தவர்களுக்கு மட்டும் கிடையாது. யாருக்காக வீடு கட்டினோமோ அவர்கள்தான் தூரத்திலிருந்து வந்தவர்கள்.

மேடத்தை அங்கேயே உட்காரச் சொல்லிவிட்டு ஆபீசுக்கு ஓடினேன். புது வாசல் முகவரியில் போகும் பதில் புது வாசல் வழியாகவே போக வேண்டும் என்று தனியாக ஒரு கட்டளை, அதற்குத் தனியாக ஒரு வழிப்பட்டியல். கால் மணி நேர வேலை. முடித்த நிமிஷம் என் மேஜைப் போன் அடித்தது. "வந்துடுச்சு சார். நேத்து நான் அடிச்ச ரிப்போர்ட் எல்லாம் இங்க தெரியுது" என்றார் மேடம். அவர் குரலில் சந்தோஷம் எதுவும் இல்லை. எனக்குத்தான் அப்பாடா என்றிருந்தது.

இந்த இடத்தோடு நிறுத்தினால் இது ஒரு நல்ல தொழில்நுட்பக் கதை. வெளியே போய்ச் சோதியுங்கள் என்று உங்களுக்கு ஒரு பாடமும் கிடைத்துவிடும். நானும் நிறுத்தத்தான் பார்த்தேன்.

வெள்ளிக்கிழமை காலை எம்.டி.க்கும் எல்லோருக்கும் ஒரு மெயில் அனுப்பினேன். ஆங்கிலத்தில், ஒன்றரைப் பக்கம். அசிமெட்ரிக் ரூட்டிங் என்றேன், மல்டி ஹோம்டு என்றேன், சோர்ஸ் அட்ரஸ் என்றேன். அதில் ஒரு பொய்கூட இல்லை. தப்பு என் அமைப்பில்தான் இருந்தது என்பதும் அதற்குள் எங்கோ, மூன்றாம் பத்தியில், செயப்பாட்டு வினையில் இருந்தது. மன்னிப்புக் கேட்டுவிட்டேன் என்றே நான் உண்மையாக நம்பினேன்.

எம்.டி. அறையை விட்டு வெளியே வந்து என் கையைப் பிடித்துக் குலுக்கினார். "இதுதான் எக்ஸ்பீரியன்ஸ்ங்கிறது!" என்றார். எல்லோரும் கை தட்டினார்கள். சமோசா வாங்கிவரச் சொன்னார்கள். ஜெயசீலி மேடம் விஷயம் என்ன ஆச்சு என்று நான் மெல்ல இழுத்தபோது, "அது தனி மேட்டர் சார், நாளைக்குப் பாத்துக்கலாம்" என்றார். ஒன்றரைப் பக்கத்தில் அவருக்குப் புரிந்தது, ஏதோ ஒரு பெரிய வியாதியை நான் கண்டுபிடித்துவிட்டேன் என்பது மட்டும்தான். என் மேஜையில் சமோசா இருந்தது. சாப்பிட்டேன். அதையும் சொல்லிவிடுகிறேன்.

சாயங்காலம் மேடம் என் மெயிலைப் பிரின்ட் எடுத்துக்கொண்டு வந்தார்.

"ரெண்டு தடவை படிச்சேன் சார். இதுல என் பேர் எங்க இருக்கு?"

"டெக்னிக்கல் மெயில்ல பேரெல்லாம் போடறதில்ல மேடம்."

"அன்னிக்கு எம்.டி. ரூம்ல ஃபைல் ஒன்பதேகாலுக்குத்தான் வந்திருக்குன்னு சொன்னீங்க. எல்லாருக்கும் புரியற மாதிரி, தமிழ்ல சொன்னீங்க. இதுக்கு மட்டும் எதுக்கு சார் இங்கிலீஷ்?"

பதிலுக்குக் காத்திருக்காமல் போய்விட்டார்.

கீழ்க்கட்டளையில் இருந்த என் வீட்டுக்குப் போகும் வழி முழுக்க எனக்கு நானே வக்கீலாக வாதாடினேன். வயது நாற்பத்தேழு. பதவி மேனேஜர். கை தட்டி இன்னும் ஒரு நாள்கூட ஆகவில்லை. வாரம் போனால் எல்லோரும் மறந்துவிடுவார்கள். எல்லாம் நல்ல வாதங்கள்தான். ஆனால் மேடம் போய்விடுவார், இதய டாக்டர் சொல்வது யாருக்கும் புரியாது என்று ஒரு வாதமும் இடையில் வந்தது. மேடத்துக்காகப் பேசுவதற்குக்கூட எனக்குக் கம்பெனி நலன் தேவைப்பட்டிருக்கிறது பாருங்கள். வெட்கமாக இருந்தது. இன்றைக்கும் இருக்கிறது.

சனிக்கிழமை காலை மேடம் மேஜையில் ஒரு கவர் இருந்தது. ராஜினாமாக் கடிதம் என்று பார்த்தவுடன் தெரிந்தது. நான் ஹாலின் நடுவில் போய் நின்றேன். எல்லோர் காதிலும் ஹெட்போன். நான் நிற்பதே யாருக்கும் தெரியவில்லை. கையை ஆட்டி ஒவ்வொருவராகக் கழற்றவைத்தேன். எம்.டி. கதவைத் திறந்து எட்டிப்பார்த்தார்.

"ரிப்போர்ட் போகாததுக்குக் காரணம் ஜெயசீலி மேடம் இல்ல" என்றேன். "நான் மெஷினைத் தப்பா செட் பண்ணியிருந்தேன். அவங்க தினமும் அஞ்சு மணிக்கே போட்டிருக்காங்க. காலைல மறுபடியும் போட்டதால பழைய நேரம் அழிஞ்சிடுச்சு. அது எனக்கு அன்னிக்கே..." என்று சொல்லிக் கடைசி வார்த்தையை மென்று முழுங்கினேன். "கண்டுபிடிச்சதும் நான் இல்ல, அவங்கதான்."

யாரும் கை தட்டவில்லை. எம்.டி. என்னைப் பார்த்தார், பிறகு மேடத்தைப் பார்த்தார். "மேடம், அந்தக் கவரைக் கிழிச்சுப் போட்டுடுங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். மேடம் ஒருவர்தான் தலையை நிமிர்த்தவே இல்லை. விரல்கள் கீபோர்டில் ஓடிக்கொண்டிருந்தன. கோபத்தில் வேலையைப் பார்க்கிறார் என்று நினைத்தேன்.

பத்து நிமிஷம் கழித்து என் மேஜையில் ஒரு காகிதத்தை வைத்தார். நான் ஹாலில் சொன்னது முழுக்க, ஒரு சொல் கூடாமல் குறையாமல் டைப் அடித்திருந்தது. மேலே தேதி, கீழே கையெழுத்துக்கு இடம்.

"என் ஃபைல்ல மெமோ இருக்குல்ல சார், அது பக்கத்துல இதுவும் இருக்கட்டும். படிச்சுப் பாத்து சைன் பண்ணுங்க."

ஒரு டிரான்ஸ்கிரிப்ஷன்காரர் சரியாகக் காதில் விழாத இடத்தை ஊகித்து நிரப்பக் கூடாது. கோடு போட்டுக் காலியாக விட வேண்டும். பேசிய டாக்டரே அதை நிரப்பிக் கையெழுத்துப் போடுவார். காகிதத்தில் ஒரே ஒரு இடத்தில் கோடு இருந்தது. "அது எனக்கு அன்னிக்கே" என்பதற்கு அடுத்து.

வாயே திறக்காத டாக்டர் பேசுவது புரிகிற காது அது. நான் நிமிர்ந்து பார்த்தேன். மேடம் தன் பேனாவைத் திறந்து நீட்டினார்.

'தெரியும்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.